கடைசியில் ஒரு எஸ்

எங்கள் ஆபீசில் எல்லாரும் அவரை எஸ் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், முதலாளி எதைச் சொன்னாலும் 'எஸ் சார், எஸ் சார்' என்று தலையாட்டுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு தடவைகூட அவர் தலையாட்டி நான் பார்த்ததில்லை. இங்கிலீஷ் வார்த்தையின் வாலில் தேவையில்லாத எஸ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பெயர் அது. நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பனியன் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றிலோ நான்கிலோ. பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து சேருவேன். கீழே தையலும் பேக்கிங்கும், மாடியில் ஆபீஸ். முதலாளி விவசாயக் குடும்பத்தவர். கிணறு வற்றிப்போன வருஷம் நாலு தையல் மெஷின் வாங்கிப் போட்டு ஆரம்பித்தவர், நான் போன சமயத்தில் ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் பனியன் அனுப்பிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் கேட்டால் அவருக்குப் பாதி புரியும், பேச வராது. என்னை எதிரே உட்காரவைத்துத் தமிழில் சொல்வார். நான் என்னுடைய பி.காம். இங்கிலீஷில் அதை மெயிலாக்குவேன். ஆனால் நேராக அனுப்பிவிட முடியாது. பிரிண்ட் எடுத்து எஸ் சார் மேஜையில் இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். அவர் சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவார். அதைப் பார்த்து மாற்றிய பிறகுதான் அனுப்ப வேண்டும்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் ஒரு ஜட்டி. நான் சேருவதற்குச் சில மாதம் முன்னால் நடந்ததாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு 'பிரீஃப்' அனுப்புங்கள் என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆர்டர் பார்க்கிற பையன் துள்ளிக் குதித்து முதலாளியிடம் ஓடியிருக்கிறான். பனியனோடு நிற்காமல் ஜட்டி ஆர்டரும் வரப்போகிறது என்று முதலாளிக்கும் சந்தோஷம். சாம்பிள் செக்‌ஷனில் இருந்த நல்ல டெய்லரை உட்காரவைத்து, எலாஸ்டிக்கைத் தேடிப்பிடித்து, எம் சைஸில் ஓர் ஆண்கள் ஜட்டி தைத்து, அயர்ன் போட்டு, கூரியரில் அனுப்பியும் விட்டார்கள். பார்சல் போன பிறகுதான் யாரோ அந்த மெயிலை எஸ் சாரிடம் காட்டியிருக்கிறார்கள்.

"ஏ பாவிகளா, எஸ்ஸோட வந்தாத்தான் ஜட்டி. எஸ் இல்லாம வந்தா அது சுருக்கம். ஆர்டர் விவரத்த ஒரு பக்கத்துல சுருக்கி எழுதிக் கேட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். பையர் நாகரிகமான மனிதர். தையல் நன்றாக இருக்கிறது, நன்றி, சுருக்கத்தையும் அனுப்புங்கள் என்று பதில் போட்டிருந்தார். அன்றைக்கே முதலாளி சட்டம் போட்டுவிட்டார்.

எஸ் சார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்களுக்குப் பல வருஷம் புரூஃப் பார்த்திருந்தார். அங்கே ஆளைக் குறைத்தபோது, மனைவியின் தங்கை குடும்பம் திருப்பூரில் தைத்துக்கொண்டிருந்ததால் இங்கே வந்துவிட்டார்கள். ஐம்பதைத் தொடப்போகிற வயது. படிக்கும்போது வரிக்கு அடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொள்வார். ஒரு வரி முடிந்ததும் ஸ்கேல் ஒரு படி இறங்கும். நாலு வரி மெயிலாக இருந்தாலும் ஸ்கேல் இல்லாமல் படிக்க மாட்டார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, நாற்காலியில் சாய்ந்து, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எழுந்திருக்கும்வரை எனக்கு முள்மேல் இருக்கிற மாதிரி இருக்கும். பஸ் போய்விடுமே.

அவருடைய மனைவிக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விளக்குக்கு அடியில் விரித்து, ஓட்டை, கறை, நூல் பிரிந்தது என்று எங்கே இருந்தாலும் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி எடுத்து வைக்கிற வேலை.

"அவ துணியில டேமேஜ் பாக்குதா, நான் காயிதத்துல டேமேஜ் பாக்குதேன்" என்பார் எஸ் சார். "ராத்திரி ரெண்டு பேரும் ஒரே மருந்துப் புட்டிய மாத்தி மாத்தி ஊத்திக்கிடுதோம்."

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் அவர் சொல்கிற எதிலும் ஓர் அலுப்பு ஒட்டிக்கொண்டே வரும். கேட்கிற நமக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

மற்றவர்கள் கண்ணில் படாதது அவர் கண்ணில் மட்டும் படும். மாடியிலிருந்த கழிப்பறைக் கதவில் 'ஸ்டாஃப்ஸ் ஒன்லி' என்று ஒரு ஸ்டிக்கர். ஒரு நாள் மத்தியானம் பிளேடை வைத்து அந்தக் கடைசி எஸ்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கற ஸ்டிக்கரைப் போயிச் சொரண்டறீங்க?"

"நாம இத்தன பேரும் சேந்துதான் ஸ்டாஃபு. அதுக்கு எஸ் கெடையாது. எஸ் போட்டா கம்பு."

"கம்புங்களா? கூழ் காச்சற கம்புங்களா?"

"அதில்லவே. ஊனிக்கிட்டு நடக்க கம்பு."

வாட்ச்மேன் கையிலிருந்த தடியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியானால் இத்தனை நாள் அந்தக் கழிப்பறைக்குள் போகிற உரிமை தன் ஒருவனுக்குத்தான் இருந்திருக்கிறது என்று கீழே போய் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அடுத்த மாதம் கதவுக்குப் பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதிலும் எஸ் இருந்தது. எஸ் சார் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

கம்பெனிக்கு எதிரே இருந்த பேக்கரியிலும் இதே வம்புதான். எல்லாரும் 'ஒரு பப்ஸ்' என்று கேட்டால் இவர் மட்டும் 'ஒரு பஃப்' என்று கேட்பார். கடைக்காரர், "அப்பிடி ஒண்ணு நம்மகிட்ட இல்லீங்க. முட்டை பப்ஸ் இருக்குது, காய் பப்ஸ் இருக்குது" என்பார். இரண்டு வாங்கினால்தான் பப்ஸ் என்று இவர் விளக்குவார். கடைக்காரரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இரண்டைத் தட்டில் வைத்துக் கொடுப்பார். சாப்பிட ஆளில்லாத அந்த இரண்டாவது பப்ஸ் பெரும்பாலும் எனக்கு வரும்.

"ஏன் சார், ஒரு எஸ்ஸுக்குப் போயி இத்தனை பாடுங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நமக்கு நாலு பீஸ் குடுன்னா நாலுதான். பின்னால 'கள்' போட்டாலும் போடாட்டியும் ஒருத்தனும் கேக்க மாட்டான். அவனுக்கு அப்படி இல்ல பிள்ள. எஸ் போட்டா சில வார்த்த நெறயன்னு ஆவும். சில வார்த்த வேற பொருளாவே மாறிரும். குட்னா நல்லது. குட்ஸ்னா சரக்கு. கஸ்டம்னா பழக்கம். கஸ்டம்ஸ்னா ஹார்பர்ல நம்ம பெட்டிய ஒடைக்குதான்லா, அவன். ஆளு யாருன்னு தெரியாம கதவத் தெறந்துவிடக் கூடாது பாத்துக்கோ."

நல்ல பேச்சுதான். ஆனால் அந்த ஆபீசில் ஒரு நாளைக்கு எத்தனை மெயில் போகும் என்று நினைக்கிறீர்கள்? இவர் ஒரு காகிதத்தைத் திருப்பித் தர இருபது நிமிஷம். அதற்குள் அந்தப் பக்கம் ஆர்டர் பார்க்கிற பையன்கள், "மெயில் போச்சுங்களா, போச்சுங்களா" என்று என்னைப் பிய்ப்பார்கள். ஒரு பேக்கிங் லிஸ்டில் குழந்தைகளுக்கான 'கிளாத்ஸ்' என்று அடித்துவிட்டேன். நடுவில் ஓர் 'இ' விட்டுப்போயிற்று. எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"இது குழந்தைக்கு உடுத்துறதா, குழந்தையத் தொடைக்கதா?"

ஆபீஸே சிரித்தது. துடைக்கிற துணி என்றால் 'இ' வராதாம், உடுப்பு என்றால் வர வேண்டுமாம். அதை மாற்றினேன். அதே லிஸ்டில் இன்னொன்று கண்டுபிடித்தார். அதையும் மாற்றினேன். நாலு தடவை பிரிண்ட் எடுத்த பிறகுதான் விட்டார். அன்று பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வர ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தது டை. பிரஸ் பட்டன் அடிக்கிற மெஷினில் மேலும் கீழுமாக இரண்டு இரும்பு அச்சு இருக்கும். அதற்கு டை என்று பெயர். பத்து ஜோடி வேண்டுமென்று, மெஷின் பாகம் விற்கிற டெல்லிக்காரருக்கு மெயில் போட வேண்டும். டை என்பதற்குப் பன்மை என்னவென்று எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். டி, ஐ, சி, இ. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதையே அடித்து வைத்தேன். எஸ் சார் அதை வெட்டிவிட்டு டி, ஐ, இ, எஸ் என்று எழுதித் தந்தார். எல்லாருடைய எஸ்ஸையும் வெட்டுகிற மனிதர், இங்கே கொண்டுவந்து ஓர் எஸ்ஸைச் சேர்க்கிறார். அவரிடம் தப்புக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. திருத்தாமல் என்னுடையதையே அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து டெல்லியிலிருந்து போன். "மேடம், ஜுவா கேல்னா ஹை க்யா?" என்று சிரித்தார் அந்த ஆள். சூதாடப் போகிறீர்களா என்று கேட்கிறார். நான் எழுதியிருந்தது தாயக்கட்டையின் பன்மை. மெஷின் அச்சுக்கு எஸ்தான். சாயத்துக்கும் டை என்றுதான் பெயர், அதன் பன்மைக்கு 'ஒய்' வரும். தமிழில் எழுதினால் மூன்றும் டைஸ்தான், நம் காதுக்கும் ஒன்றுதான். எஸ் சார் போனில் நடந்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவன் பாத்த லட்சணம் அப்படி" என்றார் என்னிடம். "நாம சரியா எழுதினாலும் படிக்கவனும் சரியாப் படிக்கணும்லா."

நான் திருத்தாமல் அனுப்பியிருக்கலாம் என்கிற சந்தேகம் அவருக்கு வரவே இல்லை. அனுப்பிய மெயிலைத் திறந்து பார்க்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. காகிதத்தில் திருத்திவிட்டால் அவரைப் பொறுத்தவரை உலகம் திருந்திவிட்டது. எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. மறுநாள் அந்த வெட்கம் போய்விட்டது. அட, இவ்வளவு சுலபமா என்று தோன்றிற்று. அதற்குப் பிறகு அவசரமாக இருக்கும்போதெல்லாம் அவர் தருகிற காகிதத்தை அப்படியே ஃபைலில் குத்திவிட்டு, நான் முதலில் அடித்ததையே அனுப்பிவிடுவேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பையருக்குப் புரிந்தது. சரக்கு போயிற்று. சில மாதத்தில் அவசரம் இல்லாத நாளிலும் அப்படியே செய்ய ஆரம்பித்தேன். அவர் பாவம், ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த ஓட்டை வந்தது. ஒரு லாட் பனியனில் காலர் ஓரத்தில் ஊசி பட்டுச் சின்னச் சின்ன ஓட்டை. கடையில் போட்ட பிறகு பையர் கண்டுபிடித்து, படம் எடுத்து மெயில் போட்டுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்கன்னு போடுங்க கண்ணு. டேமேஜ் இருக்கறதை ஒத்துக்கறோம், இனிமேப்பட்டு இப்பிடி வராதுன்னு நல்லபடியா எழுதுங்க."

எங்கள் ஊரில் டேமேஜ் என்றால் கெட்டுப்போன பீஸ். ஒரு டேமேஜ், ரெண்டு டேமேஜ் என்று செக்கிங்கில் எண்ணுவார்கள். நிறைய என்றால் டேமேஜஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த லாட்டில் உள்ள டேமேஜஸை ஏற்றுக்கொள்கிறோம் என்று அடித்து, பிரிண்ட் எடுத்து, தட்டில் வைத்தேன். எஸ் சார் ஸ்கேலை வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். திருப்பித் தந்தபோது எஸ் வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பில் சின்னதாக ஏதோ எழுதியும் இருந்தார்.

"மாத்திட்டு அனுப்பு பிள்ள. இது முக்கியம்."

அவருக்கு எல்லாமே முக்கியம்தான். மணி ஐந்தரை. ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட நான் படிக்கவில்லை. ஃபைலில் குத்திவிட்டு, சென்ட் பட்டனைத் தட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் டேமேஜஸை ஏற்றுக்கொண்டதால், மொத்த ஆர்டருக்குமான நஷ்டத்தையும், கடைகளில் விற்பனை நின்றுபோனதற்கான நஷ்டத்தையும் உங்கள் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஆபீசில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பையருடைய சென்னை ஏஜென்ட் போனில் விளக்கினார். எஸ் இல்லாவிட்டால் சேதம். எஸ் போட்டால் நஷ்டஈடு. நஷ்டஈடு தருகிறோம் என்று நாங்களே கையெழுத்துப் போடாத குறையாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நான் மெதுவாகப் போய் ஃபைலைத் திறந்தேன். அந்தக் காகிதம் இருந்தது. ஓரத்தில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். 'எஸ் போட்டால் நஷ்டஈடு. நாம் ஒத்துக்கொள்வது ஓட்டையை மட்டுமே.' வேலை போவதுகூடப் பெரிதில்லை. வேலை போனால் என்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், மாமன் மகனுக்குக் கட்டிவைத்து, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க அனுப்பிவிடுவார்கள். அதைத் தள்ளிப்போடத்தானே தினம் இந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன். காகிதத்தை உருவி, மடித்து, சாப்பாட்டுக் கூடையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் இன்னும் குறையும், மரியாதை இன்னும் கூடும்.

"இந்த மெயிலை ஆருங்க பாத்தது?"

"நான்தான் பாத்தேன்" என்றார் எஸ் சார். "நான் எஸ்ஸ வெட்டியிருப்பேனே. ஏ பிள்ள, அந்தக் காயிதத்த எடு."

"ஃபைல்ல காணமுங்க சார்" என்றேன்.

"காணமா?"

"ஆமாங்க. நீங்க ஒண்ணும் அடிக்கலைன்னுதானுங்க நெனப்பு. அப்பிடியே குடுத்துட்டீங்க."

இந்த வாக்கியத்தை நான் முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. அது தானாக வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அவர் கம்ப்யூட்டர் முன்னால் வந்து, ஸ்கேலைத் திரையில் அந்த வரிக்கு அடியில் வைத்துப் படித்தார். எஸ் இருந்தது. மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை படித்தார்.

"விட்டுட்டேன்" என்றார்.

முதலாளி அவரைப் போகச் சொல்லவில்லை. "பரவால்லீங்க சார், மனுசன்னா தப்பு வரத்தானுங்க செய்யும்" என்றுதான் சொன்னார். ஆனால் எஸ் சார் மறுநாளிலிருந்து வேறு ஆளாகிவிட்டார். ஒரு மெயிலை ஐந்து தடவை படிப்பார். வெட்டப் போவார், வெட்டாமலே பேனாவை எடுத்துவிடுவார். என்னிடமே கேட்பார், "இங்கன எஸ் வருமா பிள்ள?" என்று. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்துவிடக் கூடாதா என்றிருக்கும். இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று அவர் மேஜை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடியை மாற்றினார். அதுவும் சரியில்லை என்றார். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்த மேஜையில் பேக்கிங் ஸ்லிப் கட்டுகளை அடுக்கிவைத்தார்கள்.

அதன் பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். மாமன் மகனுக்குத் தப்பி, திருப்பூரிலேயே இருக்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். வேறு கம்பெனி, கொஞ்சம் பெரிய நாற்காலி. அந்தக் காகிதத்தை மட்டும் என் சர்டிபிகேட் ஃபைலில் வைத்திருந்தேன். கிழித்துப்போடக் கை வரவில்லை. காட்டவும் மனசு வரவில்லை.

புதுக் கம்பெனியில் நான்கு வருஷம் கழித்து, செக்கிங் செக்‌ஷனுக்கு ஓர் அம்மா வேலைக்கு வந்தார். பேச்சில் தெற்கத்தி வாடை. விசாரித்தால், எஸ் சாரின் மனைவி. அவர் வேலை பார்த்த ஆபீசில் நானும் இருந்தேன் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக இப்ப எதுவுமே படிக்கதில்ல மேடம். பேப்பர் படிக்கதில்ல. பைபிளக்கூட நான்தான் வாசிச்சுக் காட்டணும். கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவுக அப்பா கடைசிக் காலத்துல பெத்த பிள்ளையே யாருன்னு தெரியாமக் கெடந்தாக. தனக்கும் அது ஆரம்பிச்சிட்டுன்னு நெனைச்சிக்கிட்டாக. அந்த ஆபீஸ்ல ஒரு எழுத்த விட்டாகளாமே. அன்னைக்குப் புடிச்சு இப்படித்தான்."

அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை. வேலைக்குத்தான் உலை வைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போனால் வேறு வேலை. நான் அந்த மனுஷனுடைய புத்தியிலேயே கை வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச் முடிந்து வந்திருக்கும் நேரத்துக்குப் போனேன். வரிசையாக எட்டு வீடுகள் இருக்கிற காம்பவுண்டில் கடைசி வீடு. அவர் கட்டிலில் உட்கார்ந்து டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"ஏ பிள்ள, நீயா! வா வா. உக்காரு. நல்லா இருக்கியா?" என்று எழுந்துவிட்டார். மனைவியிடம் திரும்பி, "நான் சொல்லுவேன்லா, நம்ம ஆபீஸ் பிள்ள. கிளாத்ஸ்னு எழுதுமே, அது" என்றார். அந்த அம்மா காபி போட உள்ளே போனார்.

நான் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் பேசாமல் காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்பது போல் முதலில் கையை இழுத்துக்கொண்டார். பிறகு வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பெருவிரலால் அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவினார்.

"இது நம்ம கோடுல்லா" என்றார்.

ஓரத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். திக்காமல் படித்தார். "எஸ் போட்டால் நஷ்டஈடு. நாம் ஒத்துக்கொள்வது ஓட்டையை மட்டுமே." இன்னொரு தடவை படித்தார். குரல் உயர்ந்துவிட்டது.

"ஏளா, இங்க வா! வந்து பாரு. நான் அடிச்சிருக்கேன். எஸ்ஸ அடிச்சிருக்கேன் பாத்தியா! எனக்கு ஒண்ணும் இல்லளா. எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தார். நானும் அழுதேன். ஒரு நிமிஷம், வந்தது நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன். அந்த அம்மா காபி டம்ளரோடு வந்து நின்றவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். எத்தனையோ வருஷம் விளக்குக்கு அடியில் ஓட்டை பார்த்த கண். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது எங்கன இருந்துச்சு?" என்று அந்த அம்மாதான் கேட்டார்.

சொன்னேன். எதையும் விடவில்லை. டெல்லிக்கார டைஸிலிருந்து ஆரம்பித்து, சாப்பாட்டுக் கூடை வரைக்கும், காணமுங்க சார் என்றது வரைக்கும் சொன்னேன். எஸ் சார் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் முடித்தபோது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். காலில் விழு என்றால் விழுந்திருப்பேன். அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். எழுந்து நின்றார்.

"இத நான் வச்சிக்கிடலாமுல்லா?" என்று கேட்டார்.

"உங்களுதுதானுங்க சார்" என்றேன்.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"சரிங்க. நீங்க போயிட்டு வாங்க."

எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டியைக்கூட 'ங்க' போட்டுத்தான் விரட்டுவோம். அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஆனால் திட்டும்போதும், பப்ஸைப் பங்கு வைக்கும்போதும், எஸ் வருமா என்று கேட்கும்போதும் அவர் என்னை நீ என்றுதான் சொல்லியிருக்கிறார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாருமில்லை. நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.